சிக்னல் போனால் தேயும் நினைவகம்: பரங்கிப்பேட்டைப் பெட்டிகளில் ஒரு கெர்னல் கசிவு

கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்து இறால் பண்ணைகளில் எங்கள் பெட்டிகள் ஓடுகின்றன. புதுச்சேரியில் ஒரு சிறு பட்டறையில் நாங்கள் செய்து கொடுத்தவை. குளத்தில் தொங்கும் சென்சார் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும். பெட்டி அந்த அளவை வாங்கி 4ஜி மோடம் வழியாகச் சர்வருக்கு அனுப்பும். அளவு இறங்கினால் பண்ணைக்காரருக்குப் போன் போகும். போன் போகாவிட்டாலும், கொட்டகையில் மாட்டியிருக்கும் சைரனைப் பெட்டியே அடிக்கும்.

அந்தச் சைரன்தான் முக்கியம். பகலில் பாசி வெயிலை வைத்து ஆக்சிஜன் விடும். இருட்டிவிட்டால் அதே பாசியும் இறாலோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் விடிவதற்குச் சற்று முன்னால்தான் குளத்தில் அளவு அடிமட்டத்துக்கு வரும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வனாமி இறாலுக்குத் தாங்காது. அந்த நேரம் பார்த்து, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்று, சைரனும் அடிக்காவிட்டால், பல மாத வளர்ப்பு ஒரே காலையில் போய்விடும்.

இப்படிப்பட்ட பெட்டிதான் சில பண்ணைகளில் மட்டும் திடீர் திடீரென்று பேசாமல் போனது. “தம்பி, கரண்டு இருக்கு, பச்சை லைட்டும் மினுக்குது. பெட்டிதான் ஒண்ணும் சொல்லமாட்டேங்குது” என்று மேற்பார்வை பார்க்கும் பெரியவர் போனில் சொல்வார். சுவிட்சை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். அப்புறம் ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து மறுபடியும் அதே கதை. அதே பெட்டி, அதே மென்பொருள், புதுச்சேரியில் எங்கள் மேசையில் மாதக்கணக்கில் அசராமல் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் இருப்பது 64 பிட் ஆர்ம் செயலி, 256 எம்பி ரேம், லினக்ஸ் 5.10 கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. அதன் மேல், சைரனை அடிக்கும் நிரல் போக, நெட்வொர்க்கில் பேசும் மூன்று சிறு நிரல்கள்: அளவீடுகளை அனுப்புவது ஒன்று, நேரத்தைச் சரிபார்ப்பது ஒன்று, பதிவுகளை அனுப்புவது ஒன்று. வாட்ச்டாக் டைமரும் உண்டு. பெட்டி உறைந்தால் அது தானாக ரீபூட் செய்ய வேண்டும். ஏன் செய்யவில்லை என்றால், பெட்டி முழுதாக உறையவில்லை. ‘பெட்டி உயிரோடு இருக்கிறது’ என்று வாட்ச்டாக்கை அவ்வப்போது தட்டிக்கொண்டிருக்கும் குட்டி நிரலை எந்த நெருக்கடியிலும் கொல்லக் கூடாது என்று அமைத்திருந்தோம். அது உயிரோடு இருந்து தன் வேலையைச் செய்தது. மற்றவை செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தன.

செத்த நிரல்களின் கதை பதிவுக் கோப்பில் இருந்தது. ஓஓஎம் கில்லர், அதாவது நினைவகம் தீர்ந்தால் ஏதாவது ஒரு நிரலைப் பலி கொடுக்கும் கெர்னலின் பகுதி, வரிசையாக எங்கள் நிரல்களைக் கொன்றிருந்தது. இதைப் பார்த்ததும் யாருக்கும் வரும் சந்தேகம் அந்த நிரல்கள் மேல்தான். ஆனால் கொல்லப்பட்ட நேரத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு நினைவகம் வைத்திருந்தது என்றும் அதே பதிவு சொல்லும். எல்லாவற்றையும் கூட்டினாலும் 40 எம்பியைத் தாண்டவில்லை. அப்படியானால் மீதி எங்கே?

பதில் அதே பதிவில், அதற்கு மேலேயே கிடந்தது. 4.15 கெர்னலிலிருந்து ஒரு நல்ல வழக்கம் உண்டு. கெர்னல் தனக்காக எடுத்துக்கொள்ளும் ஸ்லாப் நினைவகத்தில் மீட்க முடியாத பகுதி, நிரல்கள் பயன்படுத்தும் மொத்த நினைவகத்தையும் விஞ்சிவிட்டால், ஓஓஎம் அறிக்கையோடு ஸ்லாப் அட்டவணையையும் கெர்னல் அச்சிடும். அந்த அட்டவணை வந்திருக்கிறது என்பதே ஒரு தீர்ப்பு மாதிரிதான்: தின்றது நிரல்கள் அல்ல, கெர்னல். ஓஓஎம் அறிக்கையில் ‘கொன்றேன்’ என்ற கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு நிரலைத் திருத்தக் கிளம்புகிறவர்கள் அதிகம். முழு அறிக்கையையும் மேலிருந்து கீழ் வரை படிப்பது எவ்வளவோ நேரத்தை மிச்சப்படுத்தும்.

கெர்னல்தான் என்று உறுதி செய்தல்

ஒரு பெட்டியின் செயலிழப்பை வைத்து முடிவுக்கு வராமல், எல்லாப் பெட்டிகளிலும், கெர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவில் இருக்கும் மெம்இன்ஃபோ என்ற நினைவகக் கணக்குக் கோப்பை நிமிடத்துக்கு ஒரு முறை பதிய வைத்தோம். அதில் பார்க்க வேண்டியது, சும்மா கிடக்கும் ரேமைச் சொல்லும் மெம்ஃப்ரீ வரி அல்ல. லினக்ஸ் சும்மா இருக்கும் ரேமைக் கோப்புத் தேக்கமாகப் பயன்படுத்திக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். மெம்ஃப்ரீ குறைந்திருப்பதைப் பார்த்துப் பதறுவது வீண். இதற்காகவே, நிரல்களுக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிடும் மெம்அவெய்லபிள் என்ற வரியை 3.14 கெர்னலில் சேர்த்தார்கள். எங்கள் பெட்டிகளில் அந்த வரியும் இறங்கியது. அடுத்து ஸ்லாப். அது இரண்டாகப் பிரியும்: எஸ்ரீக்ளைமபிள், எஸ்அன்ரீக்ளைம். முதலாவதில் கோப்புப் பெயர்களின் தேக்கம் போன்றவை இருக்கும், நெருக்கடியில் கெர்னல் அவற்றை விட்டுவிடும். இரண்டாவதை யாராவது கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அவர்களாகத் திருப்பித் தந்தால்தான் உண்டு. ஆரோக்கியமான பெட்டியில் எஸ்அன்ரீக்ளைம் 15 எம்பிக்குள் நின்றது. சாகப்போகும் பெட்டியில் 120 எம்பியைத் தாண்டியிருந்தது. தேக்கங்களைக் காலி செய்யும் கட்டளையைக் கொடுத்தும் அது அசையவில்லை.

வரைபடத்தைப் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. கசிவு, அதாவது வாங்கிய நினைவகம் திரும்பாமல் போவது, சீராக இல்லை. பல மணி நேரம் கோடு நேராகக் கிடக்கும். பிறகு இரண்டு மணி, மூன்று மணி நேரம் ஒரே சாய்வில் ஏறும். மறுபடியும் நேராகக் கிடக்கும். ஏறியது ஒருபோதும் இறங்கவில்லை.

இதை அந்தப் பெரியவரிடம் போனில் சொன்னபோது அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அது கரண்டு போற நேரம்ப்பா. இங்க கரண்டு போனா டவரும் கொஞ்ச நேரத்துல போயிடும். எங்களுக்கு ஜெனரேட்டர் இருக்கு, டவருக்கு இருக்கா?” மோடத்தின் சிக்னல் பதிவை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தோம். கோடு ஏறிய ஒவ்வொரு இடமும் சிக்னல் இல்லாத நேரம். புதுச்சேரி மேசையில் ஏன் வரவில்லை என்பதற்கும் அதுவே பதில். பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஒட்டிய பண்ணையில் ஒரு மழை இரவில் நடப்பது, நகரத்தில் நாலு டவருக்கு நடுவில் நடக்காது.

எங்களை உறுத்தியதும் இதுதான். சிக்னல் இல்லாத பண்ணையில்தான் போன் போகாது, சைரன் ஒன்றே துணை. அங்கேதான் பெட்டி முதலில் சாகிறது.

ஸ்லாப் சொன்னது

கெர்னல் தனக்கு வேண்டிய சின்னச் சின்னப் பொருள்களை ஒவ்வொரு வகைக்கும் தனித் தேக்கம் வைத்து எடுத்துக் கொடுக்கும் முறைக்கு ஸ்லாப் என்று பெயர். 1994இல் சன் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக் சன்ஓஎஸ் 5.4க்காக எழுதிய யோசனை அது. லினக்ஸில் இன்று இருப்பது கிறிஸ்டோஃப் லேமீட்டர் எழுதிய ஸ்லப் என்ற வடிவம், 2007இல் 2.6.22 கெர்னலில் சேர்ந்தது. கசிவு தேடுகிறவருக்கு இந்த ஏற்பாடு பெரிய வரம். எந்த வகைப் பொருள் பெருகுகிறது என்று பெயரோடு தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒரே அளவுள்ள தேக்கங்களை ஸ்லப் ஒன்றாக்கிவிடும், அப்போது கண்ணில் படும் பெயர் வேறு யாருடையதாகவோ இருக்கலாம். கெர்னலைத் தொடக்கும்போதே ஸ்லாப்_நோமெர்ஜ் என்ற அமைப்பைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தன் பெயரிலேயே நிற்கும். அப்படித்தான் செய்தோம்.

ஸ்லாப்டாப் கருவியை ஓடவிட்டுப் பார்த்தால் மூன்று பெயர்கள் சேர்ந்து ஏறின: எஸ்கேபஃப்_ஹெட்_கேச், கேமெல்லாக்-512, யுடிபி. முதலாவது நெட்வொர்க்கில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கெர்னல் வைத்திருக்கும் தலைக்குறிப்பு, ஒன்று 256 பைட். இரண்டாவதில் இருந்தவை அந்தப் பாக்கெட்டுகளின் உள்ளடக்கம். ஆக ஒரு சின்னப் பாக்கெட்டுக்கு மொத்தம் 768 பைட். மூன்றாவது யுடிபி சாக்கெட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு கேபிக்கு மேல். சாக்கெட் என்பது ஒரு நிரல் நெட்வொர்க்கோடு பேசத் திறக்கும் வாசல்; யுடிபியும் டிசிபியும் அப்படிப் பேசும் இரண்டு முறைகள்.

இங்கே எல்லோரும் கொஞ்சம் திகைத்தோம். எங்கள் நிரலில் யுடிபி சாக்கெட் கிடையவே கிடையாது. எல்லாம் டிசிபி. ஆனால் ஆயிரக்கணக்கில் யுடிபி சாக்கெட்டுகள் உயிரோடு இருப்பதாக ஸ்லாப் சொல்கிறது. திறந்திருக்கும் சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையோ ஒன்றிரண்டுக்கு மேல் காட்டவில்லை. அதாவது அந்தச் சாக்கெட்டுகளை யாரோ திறந்து, ஒழுங்காக மூடியும்விட்டார்கள். மூடிய பிறகும் அவை கெர்னலுக்குள் சாகாமல் கிடக்கின்றன.

யுடிபி எங்கிருந்து வருகிறது என்பது சீக்கிரமே விளங்கியது: டிஎன்எஸ் என்ற பெயர்த் தேடல். சர்வரின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும்படி ஒரு நிரல் கேட்டால், நிரல்களுக்கு அடிப்படையான ஜிலிப்சி நூலகம் ஒரு யுடிபி சாக்கெட்டைத் திறந்து இரண்டு கேள்விகளை அனுப்பும், ஐபிவி4 முகவரிக்கு ஒன்று, ஐபிவி6 முகவரிக்கு ஒன்று. 5 நொடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் இன்னொரு சுற்று. இதுவும் வீண் என்றால் தோல்வி சொல்லும். நம் நிரல் உடனே மறுபடி முயலும். சிக்னல் இல்லாத நேரமெல்லாம் மூன்று நிரல்களும் இதையேதான் செய்துகொண்டிருந்தன. ஒரு தோற்ற தேடலுக்கு நாலு பாக்கெட், ஒரு சாக்கெட், சேர்த்து 4 கேபிக்குச் சற்று மேல். மூன்று நிரலும் 10 நொடிக்கு ஒரு தேடல் என்று கணக்குப் போட்டால் மணிக்கு நாலரை எம்பி. வரைபடத்தின் சாய்வும் அதுவேதான். மிச்சமிருக்கும் நூற்றுச் சொச்சம் எம்பியைத் தீர்க்க, விட்டு விட்டு மொத்தமாக ஒரு நாள் அளவுக்குச் சிக்னல் இல்லாமல் இருந்தால் போதும்.

மூடிய சாக்கெட் ஏன் சாகவில்லை? ஒரு சாக்கெட்டிலிருந்து கிளம்பிய பாக்கெட் எல்லாம் விடுவிக்கப்படும் வரை அந்தச் சாக்கெட்டைக் கெர்னல் அழிக்காது. ஒவ்வொரு பாக்கெட்டும் தன் சாக்கெட்டின் பேரில் ஒரு பற்று வைத்திருக்கும். பாக்கெட் விடுபடும்போதுதான் அந்தப் பற்று தீரும். ஆகவே யுடிபி சாக்கெட்டுகள் பெருகியது விளைவு. மூலம் பாக்கெட்.

கேமெம்லீக் சொன்னதும் சொல்லாததும்

இனி ஆய்வு மேசையில். சிக்னல் போவதைப் புதுச்சேரியில் எப்படி உண்டாக்குவது? வழக்கமாக எல்லோரும் மோடத்தை யுஎஸ்பியிலிருந்து உருவிப் பார்ப்பார்கள். அதில் இந்தக் கசிவு வராது. மோடத்தை உருவினால் நெட்வொர்க் இடைமுகமே காணாமல் போகும், பாக்கெட்டுக்குப் போக வழியே இருக்காது, அனுப்பும் முயற்சி மேலேயே தோற்றுவிடும். பண்ணையில் நடப்பது வேறு: மோடம் செருகியபடி இருக்கிறது, இடைமுகம் விழித்திருக்கிறது, டவர் மட்டும் இல்லை. அந்த நிலையை உண்டாக்க மோடத்தின் ஏடி கட்டளைகளில் ஒன்று இருக்கிறது, நெட்வொர்க்கிலிருந்து விலகச் சொல்வது. அதைக் கொடுத்த அடுத்த நிமிடமே எஸ்அன்ரீக்ளைம் ஏறத் தொடங்கியது. நேரில் பார்க்கக் கிடைத்த கசிவு பாதி பிடிபட்ட கசிவு.

கேமெம்லீக் வசதியோடு ஒரு கெர்னலைக் கட்டி ஏற்றினோம். ஆர்ம் நிறுவனத்தின் கேடலின் மரினாஸ் எழுதி, 2009இல் 2.6.31 கெர்னலில் சேர்ந்த கருவி இது. கெர்னல் கொடுத்த ஒவ்வொரு நினைவகத் துண்டையும் குறித்து வைத்துக்கொண்டு, 10 நிமிடத்துக்கு ஒரு முறை நினைவகத்தை வாரி, எந்தத் துண்டின் முகவரி எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை என்று பார்க்கும். யாருமே சுட்டாத துண்டு அநாதை. அதைப் பட்டியலிடும், ஆனால் விடுவிக்காது. சில நேரம் தவறான புகாரும் வரும், பழைய முகவரி எங்காவது தற்செயலாக ஒட்டிக்கொண்டிருந்தால் உண்மையான கசிவு தப்பியும் போகும். அதனால் ஒரு புகாரை நம்பக் கூடாது. வாரல் மேல் வாரலாக ஒரே மாதிரிப் புகார்கள் குவிகின்றனவா என்று பார்க்க வேண்டும். எங்களுக்குக் குவிந்தன.

ஒரு புகாரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 512 பைட் துண்டு. வாங்கிய நிரல், நேரம் பார்க்கும் நிரல். துண்டின் முதல் 32 பைட்டைப் பதினாறடிமான எண்களில் அச்சிட்டிருக்கும். இரண்டாவது வரி 45 00 என்று தொடங்கியது. நெட்வொர்க் வேலை செய்தவர்கள் கண்ணுக்கு அந்த 45 உடனே தெரியும்: ஐபிவி4 தலைப்பின் முதல் பைட், 4 என்பது பதிப்பு, 5 என்பது தலைப்பின் நீளம். அங்கிருந்து பத்தாவது பைட் 11. தசமத்தில் 17. யுடிபியின் எண். ஆக இது போய்ச் சேராத ஒரு டிஎன்எஸ் கேள்வி, அனுப்பத் தயாராக உடுத்திய நிலையில் அப்படியே கிடக்கிறது. கீழே, அந்தத் துண்டு எந்த வழியாக வாங்கப்பட்டது என்ற அழைப்புத் தொடர்: அலாக்_எஸ்கேபி, அதற்கு மேல் ஐபி_மேக்_எஸ்கேபி, அதற்கு மேல் யுடிபி_சென்ட்மெசேஜ், அப்புறம் நிரலின் சென்ட் அழைப்பு.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். கருவி காட்டிய பெயர்கள் எல்லாம் சரி. அவற்றில் ஒருவர்கூடக் குற்றவாளி இல்லை. வாடகைப் பாத்திரக் கடைப் பேரேட்டில் அண்டாவை யார் எடுத்துப்போனார் என்று இருக்கும். கல்யாணம் முடிந்து அது சமையல்காரர் கைக்குப் போய், அங்கிருந்து யார் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது என்று இருக்காது. கெர்னலில் பாக்கெட்டின் கதை அதுதான். வாங்குவது ஓர் அடுக்கு, திருப்பித் தர வேண்டியது வேறோர் அடுக்கு, நடுவில் பல கைகள். கேமெம்லீக் மட்டுமல்ல, ஸ்லப்பின் பிழைத்தேடல் வசதியும், 2024இல் 6.10 கெர்னலில் வந்திருக்கும் நினைவக ஒதுக்கீட்டுக் கணக்கும், எல்லாமே கசிந்த துண்டை வாங்கிய இடத்தைத்தான் காட்டும். ப்ராக் அடைவில் அலாக்இன்ஃபோ என்ற கோப்பில் வரி வரியாகக் கணக்குத் தருவது அருமையான வசதி, இந்தக் கசிவில் அதுவும் எஸ்கேபஃப் கோப்பின் ஒரு வரியைத்தான் நீட்டியிருக்கும்.

யுடிபி_சென்ட்மெசேஜில்தான் பிழையோ என்ற பேச்சு எங்களுக்குள் எழுந்தது. உலகத்தில் கோடிக்கணக்கான கணினிகள் ஒவ்வொரு நொடியும் ஓட்டும் குறிமுறை அது. ஒரு பெட்டியில் மட்டும் அது கசியுமென்றால், அந்தப் பெட்டியில் மட்டும் இருக்கும் ஏதோ ஒன்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எங்கள் பெட்டியில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று: மோடத்தோடு அதன் தயாரிப்பாளர் கொடுத்த டிரைவர், அதாவது கெர்னல் மோடத்தை இயக்க உதவும் நிரல். லினக்ஸின் மூல மரத்தில் இல்லாதது, தனியாக மூலக்குறியீடாக வந்தது.

ஒரு பாக்கெட்டின் பின்னால் போவது

சந்தேகம் போதாது, சாட்சி வேண்டும். கெர்னலுக்குள் நடப்பதைப் பதிவு செய்யும் ஃப்டிரேஸ் கருவியில் நாலு தடப்புள்ளிகளைத் திறந்தோம்: பாக்கெட் வரிசைக்குள் நுழைவது, டிரைவரிடம் ஒப்படைக்கப்படுவது, டிரைவர் பதில் சொல்வது, கடைசியில் பாக்கெட் விடுவிக்கப்படுவது. நாலிலும் பாக்கெட்டின் முகவரி பதிவாகும். அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு ஒரு பாக்கெட்டின் ஆயுளைப் பின்தொடரலாம். ஸ்லாப் பழைய முகவரிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் என்பதால் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பாக்கெட்டின் பிறப்பும் இன்னொன்றின் இறப்பும் ஒன்றாகிவிடும்.

சிக்னல் இருக்கும்போது நாலு வரியும் வரும். வரிசை, ஒப்படைப்பு, பதில் சுழியம், சில மில்லிநொடி கழித்து விடுவிப்பு. சிக்னலை எடுத்துவிட்டால் மூன்றுதான். வரிசை, ஒப்படைப்பு, பதில் சுழியம். நாலாவது வரவே இல்லை.

பதில் சுழியம் என்பதற்கு ஒரு கனமான பொருள் உண்டு. லினக்ஸில் டிரைவர் சுழியம் சொன்னால், அதாவது நெட்டெவ்_டிஎக்ஸ்_ஓகே சொன்னால், பாக்கெட் இனி என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டதாக அர்த்தம். அனுப்பினாலும் சரி, தூக்கிப் போட்டாலும் சரி, விடுவிக்க வேண்டியது டிரைவர். கெர்னலின் ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது, அதுவும் அளவான நேரத்துக்குள் விடுவிக்க வேண்டும் என்று. பொறுப்பை ஏற்றுக்கொண்டு விடுவிக்காதவர் யார் என்று அந்த மூன்று வரிகளிலேயே தெரிந்துவிட்டது.

இன்னொரு சாட்சியும் சும்மாவே கிடந்தது. இடைமுகத்தின் புள்ளிவிவரத்தில் ‘அனுப்பாமல் விட்டவை’ என்று ஓர் எண் இருக்கும். சிக்னல் இல்லாத நேரத்தில் அந்த எண் ஏறியது, எஸ்கேபஃப் பெருகிய அதே கணக்கில். விட்டவை என்று எண்ணப்பட்ட ஒவ்வொரு பாக்கெட்டும் கசிந்திருக்கிறது.

இனி குறிமுறையைப் படிக்கும் வேலை. இந்த டிரைவர், யுஎஸ்பி நெட்வொர்க் சாதனங்களுக்கான பொதுவான யூஎஸ்பிநெட் அடுக்கின் மேல் எழுதப்பட்டது. யூஎஸ்பிநெட்டுக்குப் பாக்கெட் வந்ததும், சாதனத்துக்கு ஏற்றபடி அதைத் திருத்தித் தரச் சொல்லி டிரைவரின் டிஎக்ஸ்_ஃபிக்ஸப் என்ற செயற்கூறை அழைக்கும். திரும்பி வருவதை, பாக்கெட்டின் முகவரியை வைத்திருந்த அதே எஸ்கேபி என்ற மாறியில் போட்டுக்கொள்ளும். வெற்றாக, அதாவது நல் ஆக வந்தால், டிராப் என்ற இடத்துக்குத் தாவி, விட்டவை எண்ணை ஒன்று கூட்டி, எஸ்கேபி இருந்தால் அதை விடுவிக்கும்.

தயாரிப்பாளரின் டிஎக்ஸ்_ஃபிக்ஸப்பில் முதல் இரண்டு வரி: இணைப்பு இல்லையென்றால், நல் திருப்பு. அவ்வளவுதான். பாக்கெட்டை விடுவிக்கவில்லை.

எழுதியவர் நினைத்தது புரிகிறது. யூஎஸ்பிநெட்டில் டிராப் என்ற இடம் இருக்கிறது, அங்கே விடுவிக்கும் வரியும் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருப்பார். ஆனால் டிராப்புக்கு வரும்போது எஸ்கேபி என்ற மாறியில் இருப்பது டிரைவர் திருப்பிய நல். பழைய பாக்கெட்டின் முகவரி அந்த நொடியிலேயே அழிந்துவிட்டது. யூஎஸ்பிநெட் விடுவிக்க நினைத்தாலும் முடியாது. எதை விடுவிப்பது என்று அதற்குத் தெரியாது. நல் திருப்புகிறவரே பாக்கெட்டை விடுவித்துவிட்டுத் திருப்ப வேண்டும் என்பது அங்கே எழுதாத ஒப்பந்தம். தலைப்புக் கோப்பில் டிஎக்ஸ்_ஃபிக்ஸப் பக்கத்தில் இருப்பது ஒற்றை வரிக் குறிப்பு, அனுப்பும் பாக்கெட்டில் சட்டகம் சேர்ப்பதற்கு என்று மட்டும். விடுவிக்கும் பொறுப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. லினக்ஸ் மரத்துக்குள் இருக்கும் டிரைவர்களைப் பார்த்தால்தான் வழக்கம் தெரியும். சிடிசி_எம்பிம் டிரைவரில் பிழை நேரும் வழி ஒவ்வொன்றும் ஒரே இடத்துக்கு வந்து, எஸ்கேபி இருந்தால் விடுவித்து, அதன் பிறகுதான் நல் திருப்புகிறது. ஏசிக்ஸ் டிரைவர் பாக்கெட்டைப் பெரிய இடத்துக்கு நகலெடுக்க வேண்டி வந்தால், நகல் கிடைத்ததோ இல்லையோ பழையதை முதலில் விடுவித்துவிடுகிறது. இந்த இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால் அந்த டிரைவரில் இந்தப் பிழை வந்தே இருக்காது.

திருத்தம் ஒரே வரி. நல் திருப்புவதற்கு முன்னால் டெவ்_கேஃப்ரீ_எஸ்கேபி_எனி. கடைசியில் உள்ள ‘எனி’ முக்கியம். இந்த வழி குறுக்கீட்டுச் சூழலிலும் ஓடலாம், சாதாரணச் சூழலிலும் ஓடலாம். எதுவானாலும் பொருத்தமான முறையில் விடுவிக்கும் வடிவம் அது.

அதோடு நிறுத்தவில்லை. அதே செயற்கூறில் இன்னும் எங்கெல்லாம் நல் திருப்பப்படுகிறது என்று தேடியபோது இரண்டாவது ஓட்டை கிடைத்தது. பாக்கெட்டின் முன்னால் தலைப்புச் சேர்க்க இடம் போதாவிட்டால் பெரிய நகல் எடுக்கிறது. நகலுக்கு நினைவகம் கிடைக்காவிட்டால் பழைய பாக்கெட்டை விடுவிக்காமல் நல் திருப்புகிறது. இது எப்போது நடக்கும்? நினைவகம் தட்டுப்பாடாக இருக்கும்போது. அதாவது பெட்டி ஏற்கெனவே மூச்சுத் திணறும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் பிடுங்கும். எங்கள் வரைபடங்களில் இதன் பங்கு தனியாகத் தெரிகிற அளவுக்கு இல்லை. தெரியாவிட்டாலும் அடைக்க வேண்டியதுதான், அடைத்தோம்.

திருத்திய டிரைவரை ஏற்றி, மோடத்தை நெட்வொர்க்கிலிருந்து விலக்கி, மூன்று நிரல்களையும் இரவு முழுதும் தோற்கவிட்டோம். விட்டவை எண் ஆயிரக்கணக்கில் ஏறியது. எஸ்அன்ரீக்ளைம் நகரவில்லை. தடப்பதிவில் இப்போது நாலாவது வரியும் வந்தது, ஒப்படைப்புக்கும் விடுவிப்புக்கும் நடுவே மைக்ரோநொடிகள்தான். கேமெம்லீக் பட்டியல் காலி.

பண்ணைகளில் ஏற்றும்போது இரண்டு வேலைகளைச் சேர்த்துக்கொண்டோம். ஒன்று, தோற்ற தேடலுக்குப் பிறகு நிரல்கள் காத்திருக்கும் நேரம் ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாகும்படி மாற்றியது. கசிவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் டவர் இல்லாத நேரத்தில் பத்து நொடிக்கு ஒரு முறை கத்துவதில் யாருக்கும் லாபம் இல்லை. இரண்டாவது, எஸ்அன்ரீக்ளைம் அளவையும் ஆக்சிஜன் அளவோடு சேர்த்தே அனுப்பச் சொன்னது. அது 40 எம்பியைத் தாண்டினால் எங்களுக்குச் செய்தி வரும். கூடவே வாட்ச்டாக்கைத் தட்டும் நிரல், சைரன் நிரல் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது தட்டுகிறது.

தயாரிப்பாளருக்கு இரண்டு திருத்தங்களையும் தடப்பதிவோடு அனுப்பினோம். மறுப்பு எதுவும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். மழைக்காலத்துக்கு முன்பே எல்லாப் பண்ணைகளிலும் புதிய டிரைவர் ஏறிவிட்டது. அதன் பிறகு வந்த கரண்டு வெட்டுகளிலும் டவர் போன இரவுகளிலும் பெட்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, எஸ்அன்ரீக்ளைம் எந்தப் பண்ணையிலும் 20 எம்பியைத் தொடவில்லை.